மீதிப் பன்னிரண்டு தட்டு

என் பாசத்துக்குரிய மாரீஸ்வரி மதினிக்கு,

நான் காலேஜுக்குப் போகிறேன் மதினி. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருந்திருந்தால் எம். புதுப்பட்டி முழுக்கச் சொல்லித் தீர்த்திருப்பீர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைக்கூட விட்டிருக்க மாட்டீர்கள். காலையில் ஆறே முக்காலுக்கு பஸ் ஏறி, சிவகாசியில் மாறி, விருதுநகர் போய்ச் சேர எட்டேகால் ஆகிறது. ஆமத்தூர் தாண்டினால்தான் உட்கார இடம் கிடைக்கும். அதுவரை நின்றுகொண்டே படிக்கிறேன்.

என்ன படிக்கிறாய் என்று கேட்பீர்கள். பி.சி.ஏ. முதல் வருஷம். பிளஸ் டூவில் கணக்கு எடுக்காமல் வந்தவர்களுக்கு முதல் செமஸ்டரில் தனியாக ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள், அடிப்படை இயற்கணிதம் என்று. எக்ஸ், ஒய் போட்டுச் செய்வோமே, அதுதான். பள்ளிக்கூடத்தில் எனக்கும் அதற்கும் ஆகவே ஆகாது, உங்களுக்குத் தெரியும். பிளஸ் டூ முடித்துப் பட்டாசுக் கம்பெனியில் பெட்டி போட்டுக்கொண்டிருந்தவள், இருபத்திரண்டு வயதில், பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அதைத் திரும்பப் படிக்கிறேன்.

அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதீர்கள். இந்த சீட் எப்படிக் கிடைத்தது என்று கேட்டுவிட்டு அப்புறம் சந்தோஷப்படுங்கள்.

நம் கம்பெனி முதலாளி வாங்கிக் கொடுத்தார். உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறு வாரம், காரை விட்டு இறங்காமலே அண்ணனைக் கூப்பிட்டுப் பேசினார். "தங்கச்சி சும்மாதானப்பா இருக்கு? படிக்கட்டும். நம்ம பிள்ளைதான, காலேஜ்ல நான் சொல்லுதேன்." அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினார். நான் அந்த மனுஷனை நல்லவர் என்று நினைத்தேன். காலேஜ் முதல் நாளுக்கென்று புதுச் சுடிதார் வேறு தைத்தேன். இப்போது நினைத்தால் என்னையே அறைய வேண்டும் போல இருக்கிறது.

வகுப்பில் மேடம் முதல் நாள் சொன்னது இது. "தெரியாத எண்ணைப் பாத்துப் பயப்படாதீங்க. அதுக்கு எக்ஸ்னு ஒரு பேர் வைங்க. தெரிஞ்சத எல்லாம் ஒரு பக்கம் கொண்டு வந்துட்டா, எக்ஸ் எம்புட்டுன்னு தானா வெளிய வரும்." பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். நான் பேனாவைக் கீழே வைத்தேன். தெரியாது என்று நான் கடைசியாக எங்கே, யாரிடம் சொன்னேன் என்பது ஞாபகம் வந்துவிட்டது.

அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் வேறு யாராவது படித்தாலும் படிக்கட்டும் என்று எல்லாவற்றையும் விவரமாகவே எழுதுகிறேன். இத்தனை நாள் யாரும் படிக்காதபடி இருந்ததுதான் தப்பு.

நீங்கள் உட்காரும் அறை, புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துகிற அறை. வாசல் பக்கச் சுவரில் 'ஆட்கள் 4' என்று கறுப்பு எழுத்தில் இருக்கும். நாலு பேருக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது என்பது நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். தீபாவளி சீசன் வந்துவிட்டால் அந்த 'நாலு' சுவரில் மட்டும்தான் இருக்கும். உள்ளே ஏழு பேர் உட்காருவீர்கள்.

கம்பெனிப் பதிவில் பெயர் உள்ள நாலு பேரின் தூக்குவாளி சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக இருக்கும். மீதி மூன்று பேர் சாப்பாட்டுப் பையை வேலி ஓரத்துச் சீமைக்கருவேல மரத்தில் மாட்டிவிட்டு வருவீர்கள். ஆபீசர் ஜீப் தெரிந்தால் வாட்ச்மேன் விசில் அடிப்பார். விசில் கேட்டதும் மூன்று பேரும் மரத்துக்கு ஓடி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, விறகு பொறுக்க வந்தவர்கள் மாதிரி நடந்து போய்விட வேண்டும். கொட்டகையில் தூக்குவாளி கூடுதலாக இருந்தால் ஆபீசர் எண்ணிவிடுவார் என்பதற்காக வந்த பழக்கம் அது.

பதினொரு வருஷம் அந்த அறையில் வேலை பார்த்தீர்கள். ஒரு வருஷம்கூட உங்கள் பெயர் பதிவில் ஏறவில்லை. ஏனென்றால் அந்த அறைக்குப் பொறுப்பான போர்மேன் உங்கள் புருஷன், என் அண்ணன். "நம்ம வீட்டு ஆளத்தான் மரத்துக்கு அனுப்ப முடியும். வெளியாளுக சம்மதிப்பாகளா?" என்று அவர் சொன்னபோது நீங்கள் சண்டை போடவில்லை. "ஆமா, வெறகு பொறுக்குறதும் நமக்குப் பழகுனதுதான" என்று சிரித்தீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

நான் இருந்தது பக்கத்து செட்டில். நிரப்பின தட்டுகள் பெட்டி போடுவதற்கு என்னிடம்தான் வரும். ஒரு தட்டு வந்தால் சாக்பீஸால் சுவரில் ஒரு கோடு போடுவேன். அண்ணன் ஒரு முறை வைத்திருந்தார் அல்லவா? ஆளுக்கு நாலு தட்டு முடித்தால்தான் டீ. குறையவும் கூடாது, போட்டி போட்டுக்கொண்டு கூட்டவும் கூடாது. அவசரத்தில் மருந்தை இடித்தால் பற்றிக்கொள்ளும் என்று அவரே வைத்த கட்டு. அதில் மட்டும் அவர் ரொம்பக் கண்டிப்பு.

போன ஆவணியில் அந்தச் செவ்வாய்க்கிழமை, முந்தின நாள் மிச்சம் மூன்று தட்டு என்னிடம் இருந்தது. டீ நேரத்துக்கு என் சுவரில் மொத்தம் முப்பத்தொரு கோடு. டீயைக் குடித்துவிட்டு என் செட் வாசலில் வந்து நின்றீர்கள். "ஏ புள்ள, சாயந்தரம் பாப்பாவுக்கு ரிப்பன் வாங்கணும். செவப்பு. ஞாபகப்படுத்து, என்ன?" என்றீர்கள். சரி மதினி என்றேன். உள்ளே போனீர்கள். அதற்குப் பிறகு அந்த அறையிலிருந்து ஒரு தட்டுகூட வரவில்லை.

சத்தத்தைப் பற்றி எழுத மாட்டேன். அதை என்னைவிடப் பக்கத்தில் கேட்டவர் நீங்கள்.

ஐந்து பேர் போனீர்கள். வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்த இரண்டு பேர் தீக்காயத்தோடு தப்பினார்கள். ஐந்தும் இரண்டும் ஏழு, இதற்கு இயற்கணிதம் வேண்டாம். ஆனால் சாயங்காலத்துக்குள் அது நாலு ஆகிவிட்டது. பதிவில் இருந்த நாலு பேர்தான் அறைக்குள் இருந்தவர்கள் என்றார்கள். தப்பின இரண்டு பேரும் வெளியே தட்டு தூக்கிக்கொண்டு போனவர்களாம். அந்த இரண்டு பேருமே அப்படித்தான் சொன்னார்கள். நாளைக்கும் இதே வட்டாரத்தில் வேலை கேட்டுப் போக வேண்டியவர்கள், அவர்களை நான் என்ன சொல்ல? எங்கே வைப்பது என்று தெரியாமல் மிச்சம் நின்றது நீங்கள் ஒருத்தர்தான்.

மூன்றாம் நாள் விசாரணைக்கு வந்த ஆபீசர் மரத்தில் தொங்கிய பையைப் பார்த்துவிட்டார். மற்ற இரண்டு பைகளையும் யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். உங்களுடையதை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை போல.

"இது யாருது?" என்று கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "எங்க மதினிது சார்." உங்கள் பொருளை வேறு யாரும் கொண்டுபோய்விடக் கூடாதே என்ற பதற்றம், வேறொன்றும் இல்லை.

"உள்ள வேல பாத்தவங்கன்னா சாப்பாடு கொட்டகையில இருக்கணும்ல? மரத்துல ஏன் தொங்குது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார். "எனக்குச் சோறு கொண்டு வந்தா சார். குடுத்துட்டுப் போக வந்தவ."

ஆபீசர் எழுதிக்கொண்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "தட்டெல்லாம் உங்கிட்டதான வரும்? உள்ள எத்தனை பேர் இருந்தாங்கம்மா?" என்றார். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. கரிந்து கிடந்த தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உங்களைப் பறிகொடுத்து மூன்று நாளாகத் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காத முகம். நான், "தெரியாது சார்" என்று சொன்னேன்.

அவ்வளவுதான் மதினி. காகிதத்தில் நீங்கள் வேலைக்காரி இல்லை, சோறு கொண்டு வந்த பெண். அதிலும் என்ன வேடிக்கை தெரியுமா? நீங்கள் ஒரு நாளாவது அண்ணனுக்குத் தனியாகச் சோறு கொண்டு வந்ததுண்டா? விடியக் காலையில் ஒரே உலையில் வடித்து, மூன்று தூக்குவாளியில் போட்டு, மூன்று பேரும் ஒரே வேனில்தானே போனோம்?

உங்கள் பாப்பாவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். முன் பல் ஒன்று விழுந்துவிட்டது. சேர்க்கைப் படிவத்தில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் அண்ணன் 'வீட்டு வேலை' என்று எழுதினார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உங்கள் முதல் வருஷ நினைவுக்கு கம்பெனியே போஸ்டர் அடித்துக் கொடுத்தது. நல்ல தாள், நல்ல கலர். அன்பு மனைவி, பாசமிகு தாய், குடும்ப விளக்கு என்று என்னென்னவோ போட்டிருந்தார்கள். பதினொரு வருஷம் எங்கே போனீர்கள் வந்தீர்கள் என்று ஒரு வரி இல்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன்.

போன மாதம் மேடம் ஒரு வேலை கொடுத்தார். "புத்தகத்துல மாம்பழம், பென்சில்னு இருக்கும். அது வேண்டாம். உங்க வீட்டுத் தொழில்ல இருந்து ஒரு கணக்கு நீங்களே உண்டாக்குங்க. சமன்பாடு எழுதி, விடை கண்டுபிடிச்சு, சரிபார்த்துக் கொண்டு வாங்க." ஒரு பிள்ளை காலண்டர் அச்சடிக்கும் கணக்கை எழுதினாள். இன்னொருத்தி வெம்பக்கோட்டைப் பக்கம், அவள் அப்பாவின் மக்காச்சோளக் காட்டை எழுதினாள். நான் இப்படி எழுதினேன்: ஓர் அறையில் ஒவ்வொருவரும் நான்கு தட்டு நிரப்புகிறார்கள். முந்தைய நாள் மீதம் மூன்று தட்டு. மொத்தம் முப்பத்தொரு தட்டு எனில், அறையில் இருந்தவர்கள் எத்தனை பேர்?

ஆட்களை எக்ஸ் என்று வைத்துக்கொண்டேன். நாலு எக்ஸ் கூட்டல் மூன்று சமம் முப்பத்தொன்று. மூன்றைக் கழித்தால் இருபத்தெட்டு. நாலால் வகுத்தால் ஏழு. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்குத் தெரியாத எதையும் அது கண்டுபிடித்துச் சொல்லவில்லை. ஆனாலும் என் கையெழுத்தில் அந்த ஏழு தாளில் நின்றது அதுதான் முதல் தடவை.

சரிபார்ப்பது என்று ஒன்று இருக்கிறது மதினி. வந்த விடையை எக்ஸ் இருந்த இடத்தில் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும். ஏழைப் போட்டேன், முப்பத்தொன்று வந்தது. அப்புறம் ஒரு ஆத்திரத்தில் நாலைப் போட்டேன். நாலு நாலு பதினாறு, மூன்று சேர்த்தால் பத்தொன்பது. பன்னிரண்டு தட்டு இடிக்கிறது. அந்த மீதிப் பன்னிரண்டு தட்டை யார் நிரப்பினது? சோறு கொண்டு வந்தவரா? தாளின் ஓரத்தில் அதையும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தாள் திரும்பி வந்தபோது ஏழைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். 'நடைமுறைக்கு ஒவ்வாத விடை' என்று எழுதியிருந்தது. மத்தியானம் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வழிமுறை எல்லாம் சரியா இருக்கு செல்வி. ஆனா ஏழு வராதேம்மா. ஒரு ரூம்ல நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாது. நீயும் அந்தப் பக்கந்தான, தெரியாதா?"

"ஏழு சரிதான் மேடம். செவத்துல எழுதியிருந்த நாலுதான் தப்பு."

மேடம் என் முகத்தைப் பார்த்தார். எந்தக் கம்பெனி என்று கேட்டார். சொன்னேன். தாளின் ஓரத்தில் நான் எழுதியிருந்ததை இன்னொரு தடவை படித்தார். பேனாவை மூடினார், திறந்தார், மறுபடியும் மூடினார். அப்புறம் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"முப்பத்தொண்ணப் பத்தொன்பதுன்னு மாத்திருவோமா? நாலுன்னு சுத்தமா விடை வந்துரும். இது இன்டர்னல் மார்க்குக்குப் போற பைல். ஒனக்கு சீட் யாரு சொல்லி வந்துச்சுன்னு ஆபீஸ்ல எல்லாத்துக்கும் தெரியும்மா. நல்லா படிக்கிற பிள்ளை நீ. எதுக்கு?"

அவர் கெட்டவர் இல்லை. என் மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த நிமிஷம்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. என் 'தெரியாது'க்கு முதலாளி கொடுத்த கூலிதான் இந்த சீட். உங்களைக் காகிதத்தில் இல்லாமல் ஆக்கிவிட்டு, அந்த இடத்தில் என்னைக் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

மாற்றினாயா என்று கேட்பீர்கள். மாற்றினேன் மதினி. முப்பத்தொன்றை அடித்துவிட்டுப் புதுத் தாளில் பத்தொன்பது என்று எழுதினேன். விடை நாலு. பத்துக்குப் பத்து. 'மிக நன்று' என்று வேறு போட்டுக் கொடுத்தார். அந்த மார்க்கை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

பழைய தாளைக் கிழித்துப் போட மனசில்லாமல் நோட்டுக்குள்ளேயே வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்குப் படம் வரைய அண்ணன் அந்த நோட்டை எடுத்துப் புரட்டியிருக்கிறார். நான் கிணற்றடியில் துணி அலசிவிட்டு வந்தபோது தாள் அவர் கையில் இருந்தது.

"முப்பத்தொண்ணு" என்றார். பாப்பாவை வெளியே போய் விளையாடச் சொன்னார். "செவத்துல இருந்த அந்தக் கோடெல்லாத்தையும் நான்தான் அழிச்சேன், செல்வி. ஈரச் சாக்க வச்சுத் தேச்சேன். அவள வெளிய தூக்கிட்டு வர்றதுக்கு முந்தியே அழிச்சுட்டேன்."

தாளை வாங்கி நோட்டுக்குள் வைத்தேன். பேசினால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது.

"ஏழுன்னு சொன்னா நான் ஜெயிலுக்குப் போயிருவேன். போறேன், போனாப் போகுது. பாப்பாவ யாரு பாத்துக்குவா? ஒம் படிப்பு என்னாகும்? அவ போனது போயிட்டா. நாலுன்னாலும் ஏழுன்னாலும் அவ வரப்போறாளா?" சொல்லச் சொல்ல அழுதார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவ இருந்திருந்தா அவளும் நாலுன்னுதான் சொல்லியிருப்பா. எனக்காகச் சொல்லியிருப்பா" என்றார்.

சொல்லியிருப்பீர்களா மதினி? இரண்டு வாரமாக இதையேதான் உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்லியிருப்பீர்கள் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. கேட்ட உடனே, சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பீர்கள். அதனால் உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான், மறைக்க மாட்டேன். ஒரே ஒரு நாள், "ஏன், எம் பேர எழுதுனா என்ன?" என்று அவரிடம் கேட்டிருக்கக் கூடாதா? நானாவது உங்களுக்காகக் கேட்டிருக்கக் கூடாதா?

அண்ணன் பேசினதைக் கேட்டு, பாப்பாவுக்காகவாவது வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அப்படித்தான் முடிவு செய்தேன். நேற்று முன்தினம்தான் அது மாறியது.

கம்பெனியைத் திறந்துவிட்டார்கள். லைசென்ஸ் திரும்பக் கிடைத்துவிட்டது. அறையை இடித்துப் புதிதாகக் கட்டி, வெள்ளையடித்து, அதே இடத்தில் 'ஆட்கள் 4' என்று எழுதியிருக்கிறார்கள். போர்மேன் அண்ணன்தான். சாவியை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார் என்று கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். கேட்டில் நின்றபடி வேலிப் பக்கம் பார்த்தேன். கருவேல மரத்தில் பைகள் தொங்குகின்றன மதினி. நீங்கள் மாட்டும் அதே கிளை. எண்ணினேன். நாலு பை. ஒரு பையின் ஓரத்தில் சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் தண்ணீர்ப் பாட்டில், பூனைக்குட்டிப் படம் போட்டது. பிள்ளையின் பழைய பாட்டிலை அம்மா கொண்டுவந்திருக்கிறாள்.

சுவரில் நாலு, மரத்தில் நாலு. உங்கள் காலத்தைவிட ஒன்று கூட.

சாவியைக் கொடுக்கும்போது கேட்டேன். "உள்ள எத்தன பேருண்ணே?"

"நாலு" என்றார். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

மதினி, அந்த விபத்து வழக்கில் வருகிற வியாழக்கிழமை கோர்ட்டில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கம்பெனி வக்கீல் நேற்று போன் செய்தார். "ஒண்ணும் பயப்படாத தாயி. முன்னாடி சொன்ன மாதிரி தெரியாதுன்னு சொல்லிட்டு எறங்கிரு" என்றார். சரி என்று வைத்துவிட்டேன்.

தெரியாது என்று சொல்லப் போவதில்லை. ஆளுக்கு நாலு தட்டு, முந்தின நாள் மிச்சம் மூன்று, சுவரில் முப்பத்தொரு கோடு, உள்ளே ஏழு பேர் என்று சொல்வேன். கோடுகளை அழித்துவிட்டார்களே என்றால், போட்ட கை இங்கேதான் இருக்கிறது என்பேன். நாலு பேர்தான் என்று வக்கீல் அடித்துப் பேசினால், மீதிப் பன்னிரண்டு தட்டை யார் நிரப்பினது என்று நானே திருப்பிக் கேட்பேன். மரத்தில் இப்போது தொங்கும் நாலு பையையும் சொல்வேன். அண்ணன் அங்கேதான் நிற்பார். அவர் முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது. அதனால் அவரைப் பார்க்க மாட்டேன். காலேஜில் இடம் இருந்தால் படிப்பேன். இல்லையென்றால் வேறெங்காவது போய், எக்ஸிலிருந்து மறுபடி ஆரம்பிப்பேன்.

கடைசியில் கேட்பார்கள், மாரீஸ்வரி அன்றைக்கு அங்கே எதற்கு வந்தார் என்று. "வேலைக்கு வந்தாங்க" என்று சொல்வேன். சத்தியம் மதினி. எத்தனை தடவை மாற்றி மாற்றிக் கேட்டாலும், வேலைக்கு வந்தாங்க என்றுதான் சொல்வேன்.

சிவப்பு ரிப்பன் வாங்கிவிட்டேன். ஒரு வருஷம் தாமதம்.

உங்கள் நாத்தனார்,
வியாழக்கிழமைக்குப் பிறகு பாப்பாவைத் தனியாக வளர்க்கப்போகும் அத்தை,
செல்வி